தகடூர் தந்த நெல்லிக்கனி



தருமபுரியிலிருந்து கிருட்டிணகிரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், ஏறத்தாழ நடுவழியில் அமைந்துள்ளது காரிமங்கலம். கோயில் கொண்ட குன்றும், மாந்தோப்புகளும், மழையை நம்பிய மேட்டு நிலங்களும் உடைய ஊர் அது. அவ்வூரையும் அதனைச் சூழ்ந்த நாட்டையும் பழந்தமிழர் தகடூர் நாடு என்று வழங்கினர். தருமபுரியின் பழம்பெயரே தகடூர். அந்நாட்டை ஆண்டவன் அதியமான் நெடுமான் அஞ்சி. அவன் பெயரைக் கேட்டவுடன் உங்கள் நினைவுக்கு வருவது அவனுடைய வேலோ கோட்டையோ அன்று. ஒரு சிறு நெல்லிக்கனிதான்.

அக்கனியை உண்டவர் நெடுங்காலம் வாழ்வர் என்று அன்று நம்பினர். இன்றோ, உலகின் பல நாடுகளில் ஆராய்ச்சியாளர்கள் அதனோடு உறவுடைய ஒரு வினாவை எழுப்பியிருக்கின்றனர். நெல்லி, நாவல், ஸ்ட்ராபெர்ரி, நீலப் பெர்ரி போன்ற சிறு கனிகளின் சாரம் முதுமையில் மூளையைக் காக்குமா என்பதே அவ்வினா. தகடூர்க் கதை பல நூற்றாண்டுகளைக் கடந்து ஆய்வுக்கூடத்தின் வாயிலை எவ்வாறு அடைந்தது, அங்கே அதற்குக் கிடைத்த விடை யாது என்பவற்றை இன்று முறையாக எண்ணிப் பார்ப்போம்.

முதலில் கதைக்குரிய சான்றுகளைக் காண்போம். புறநானூற்றின் 91ஆம் பாட்டு ஔவையார் பாடியது. பழைய மலையொன்றின் பிளவில், அடைவதற்கு அரிய இடத்தில் விளைந்த நெல்லியின் இனிய கனியைப் பெற்ற அதியமான், அதன் அரும்பயனைத் தன் உள்ளத்திலேயே மறைத்துக்கொண்டு, புலவராகிய தமக்கு அளித்தான் என்று அவர் வியந்து வாழ்த்துகிறார். நல்லூர் நத்தத்தனார் இயற்றிய சிறுபாணாற்றுப்படையும், கடையெழு வள்ளல்களின் கொடையைக் கூறுமிடத்து, ஔவைக்கு நெல்லி ஈந்த இச்செயலையே அதியமானுக்கு உரியதாகக் குறிப்பிடுகிறது. பிற்காலத்தார் அதனைக் கருநெல்லி என்று சிறப்பித்துப் பேசினர்.

இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். ஔவையாரின் பாட்டு சாவை நீக்குதலைப் பற்றிப் பேசுகிறது. அறிவை வளர்க்கும் என்றோ நினைவைக் காக்கும் என்றோ அது கூறவில்லை. வரலாறு கற்போர் ஒரு நூல் சொல்லியதையும், பின்வந்தோர் அதன்மேல் ஏற்றிச் சொல்லியதையும் வேறு பிரித்து அறிதல் முதற்கடமையாகும்.

அதியமான் வெறும் கதைமாந்தன் அல்லன் என்பதற்குக் கல்லே சான்று பகர்கிறது. திருக்கோவலூருக்கு அருகிலுள்ள ஜம்பை என்னும் ஊரில், குகையொன்றில் பொறிக்கப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு 1981ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. அதியன் நெடுமான் அஞ்சி அளித்த இருப்பிடம் அது என்று அக்கல்வெட்டு கூறுகிறது. அவனைச் 'சதியபுதோ' என்னும் பட்டத்தாலும் குறிக்கிறது. இச்சிறு சொல்லால் நெடுநாளைய ஐயம் ஒன்று தீர்ந்தது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் ஆண்ட அசோகர் தம் பாறைக் கட்டளைகளில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோரோடு சத்தியபுத்திரரையும் சேர்த்துக் கூறியிருந்தார். அவர் யாவர் என்பது பற்றி அறிஞர்கள் பலவாறு கருதி வந்தனர். அவர்கள் தகடூர் அதியமான் மரபினரே என்பதை ஜம்பைக் கல்வெட்டு தெளிவுபடுத்தியது.

அசோகரின் கட்டளைகளுள் இரண்டாவது நமது பொருளுக்கு மிக நெருங்கியது. மக்களுக்கும் விலங்குகளுக்கும் மருத்துவ வசதி செய்யப்பட்டதையும், மருந்துக்குரிய மூலிகைகளும் வேர்களும் கனிகளும் இல்லாத இடங்களுக்கு அவற்றைக் கொணர்ந்து நடுவித்ததையும் அது அறிவிக்கிறது. அவ்வறச்செயல் சென்று சேர்ந்த நாடுகளின் வரிசையில் சத்தியபுத்திரர் நாடும் இடம்பெறுகிறது. ஆகவே, கனியை மருந்தாகக் கருதிப் பேணும் எண்ணம் இந்நாட்டில் அரசியலோடும் பிணைந்திருந்தது என்று கொள்ளலாம்.

அசோகரைப் பற்றி வழங்கும் மற்றொரு கதையிலும் நெல்லி வருகிறது. அசோகாவதானம் என்னும் பௌத்த நூல் அதனைக் கூறுகிறது. பேரரசர் இறுதிக் காலத்தில் தம் செல்வம் அனைத்தும் கைவிட்டுப்போன நிலையில், எஞ்சியிருந்த அரை நெல்லிக்கனியைப் பாடலிபுத்திரத்துக் குக்குடாராமத் துறவியர்க்கு அனுப்பினாராம். அவர்கள் அதனை மசித்துக் குழம்பிலிட்டு அனைவரும் பகிர்ந்துண்டனராம். வடக்கே ஒரு பேரரசன், தெற்கே ஒரு சிற்றரசன். இருவருடைய புகழுக்கும் நெல்லிக்கனியே அடையாளமாயிற்று. கதையின் உண்மை எவ்வாறாயினும், அக்கனியை இந்நாட்டார் எத்துணை மதித்தனர் என்பது இதனால் விளங்கும்.

நினைவாற்றலும் அறிவும் நெல்லியோடு இணைக்கப்படுவதை மருத்துவ நூல்களிலே காண்கிறோம். சரக சம்ஹிதையின் சிகிச்சைப் பகுதி இரசாயனம் என்னும் பொருளோடு தொடங்குகிறது. இரசாயனம் என்றால் இங்கே வேதியியல் அன்று. உடலுக்கு முதுமை வாராமல் காக்கும் மருந்து முறை. அத்தகைய மருந்துகளால் நீண்ட ஆயுளும், நினைவும், கூர்த்த அறிவும் உண்டாகும் என்று அந்நூல் கூறுகிறது. சியவனர் என்னும் முதிய முனிவர் இளமை பெற்றதாகச் சொல்லப்படும் சியவனப்பிராச லேகியத்தின் செய்முறையும் அங்கேதான் உள்ளது. அதற்கு வேண்டிய நெல்லிக்கனிகள் ஐந்நூறு என்று கணக்கும் தரப்பட்டிருக்கிறது. தமிழகத்துச் சித்த மருத்துவர்களும் நெல்லியைக் காயகற்பப் பொருள்களுள் ஒன்றாகப் போற்றினர். கடுக்காய், தான்றிக்காய், நெல்லிமுள்ளி மூன்றும் சேர்ந்த திரிபலா சூரணத்தை அறியாத நாட்டு மருந்துக் கடை இல்லை.

நெல்லிமுள்ளி என்பது உலர்த்திய நெல்லி. நாம் இங்குக் கூறும் நெல்லி மலைநெல்லி, பெருநெல்லி எனப்படுவது. வீட்டுத் தோட்டங்களில் கொத்துக்கொத்தாய்க் காய்க்கும் அருநெல்லி வேறு. மலைநெல்லியைக் கடித்தால் முதலில் புளிப்பும் துவர்ப்பும் தோன்றும். பின்னர்த் தண்ணீர் அருந்தினால் நாவெல்லாம் இனிக்கும். மூத்தோர் சொல்லுக்கு அதனை உவமையாக்கிய பழமொழியை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அவ்வாறே, ஐயமறத் தெரிந்த ஒன்றை 'உள்ளங்கை நெல்லிக்கனி' என்கிறோம். ஆனால் அந்த நெல்லிக்கனியைப் பற்றிய மருத்துவ உண்மையோ அவ்வளவு எளிதில் கைக்குள் அகப்படவில்லை.

நம்பிக்கைக்கும் நிரூபணத்திற்கும் இடையிலுள்ள தொலைவை எவ்வாறு கடப்பது? அதற்கு வழிகாட்டிய சோதனை ஒன்றை அறிந்துகொள்ளுங்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் நெடுங்கடல் சென்ற மாலுமிகள் ஸ்கர்வி என்னும் நோயால் ஈறுகள் வீங்கி, இரத்தம் கசிந்து மடிந்தனர். 1747ஆம் ஆண்டில் ஜேம்ஸ் லிண்ட் என்னும் கப்பல் மருத்துவர், நோயுற்ற பன்னிருவரை இருவர் இருவராக ஆறு பிரிவாக்கினார். ஒவ்வொரு பிரிவினர்க்கும் வெவ்வேறு மருந்து. ஒரு பிரிவினர்க்கு மட்டும் ஆரஞ்சும் எலுமிச்சையும். அவ்விருவரே விரைவில் தேறினர். ஒத்த நிலையிலுள்ளோரை எடுத்து, ஒன்றை மட்டும் மாற்றி, விளைவை ஒப்பிடுதல் என்னும் இம்முறையே இன்றைய மருத்துவ ஆய்வுக்கெல்லாம் முன்னோடி. எனினும், எலுமிச்சைச் சாற்றைப் பிரிட்டிஷ் கடற்படை முறையாக வழங்கத் தொடங்கியது 1795ஆம் ஆண்டில்தான். உண்மை வெளிப்பட்ட பின்னும் அது நடைமுறைக்கு வர ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் சென்றன.

கனியில் இருந்து நோயைத் தீர்த்த பொருள் வைட்டமின் 'சி' என்பது 1930களின் தொடக்கத்தில் தெளிவாயிற்று. அதனைப் பிரித்தெடுத்த ஹங்கேரி நாட்டு அறிஞர் ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி 1937ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். உடனே இந்திய ஆய்வாளர்களின் பார்வை நெல்லியின்மேல் திரும்பியது. 1936ஆம் ஆண்டிலேயே சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் எம். தாமோதரன், கே. ஆர். நாயர் ஆகிய இருவரும் நெல்லியிலுள்ள ஒரு டானின், அதாவது துவர்ப்புப் பொருள், வைட்டமின் 'சி' கெட்டுப்போகாதவாறு காக்கிறது என்று கண்டு வெளியிட்டனர். பிற கனிகளை உலர்த்தினால் அவ்வைட்டமின் விரைவில் அழிந்துவிடும். நெல்லிமுள்ளியில் ஓரளவு நிலைத்திருக்கும். நம் பாட்டிமார் நெல்லியை வெயிலில் உலர்த்திச் சேமித்த வழக்கத்திற்கு அந்த ஆய்வு ஒரு காரணம் காட்டியது. 1939-40ஆம் ஆண்டுகளில் வடநாட்டில் ஹிஸார்ப் பகுதியில் பஞ்சம் வந்தபோது, ஸ்கர்வி கண்ட மக்களுக்கு நெல்லி மருந்தாய்ப் பயன்பட்டது.

இவ்வரலாற்றில் ஒரு திருத்தமும் உண்டு. 100 கிராம் நெல்லியில் 600 மில்லிகிராம் வைட்டமின் 'சி' உண்டு என்று பழைய உணவு அட்டவணைகள் கூறின. பிற்காலத்தில் நுட்பமான கருவிகள் வந்தன. பழைய அளவீட்டு முறைகள், துவர்ப்புப் பொருள்கள் சிலவற்றையும் வைட்டமின் என்றே கணக்கிட்டிருக்கலாம் என்ற கருத்து எழுந்தது. ஐதராபாதிலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட அட்டவணை பழைய கணக்கில் பாதிக்கும் குறைவான அளவையே தருகிறது. அந்த அளவும் ஆரஞ்சில் உள்ளதைவிடப் பல மடங்கு மிகுதி. நெல்லியின் பெருமை குன்றவில்லை. நமது கணக்கு திருந்தியது. அறிவியல் வளரும் முறை இதுவே.

இனி மூளைக்கு வருவோம். நமது மூளையின் எடை ஏறத்தாழ 1.4 கிலோகிராம்; உடலின் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு. ஆயினும் ஓய்வாக இருக்கும்போதுகூட உடல் உட்கொள்ளும் ஆக்ஸிஜனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை அதுவே செலவிடுகிறது. எரியும் அடுப்பிலிருந்து பொறி பறப்பதுபோல், இவ்வாறு ஆக்ஸிஜன் செலவாகுமிடத்தில் தீங்கு செய்யும் துணுக்குகள் சில தோன்றுகின்றன. அவை உயிரணுக்களைச் சிதைத்து முதுமையை வருவிக்கின்றன என்னும் கொள்கையை டென்ஹாம் ஹார்மன் என்னும் அமெரிக்க அறிஞர் 1956ஆம் ஆண்டில் வெளியிட்டார். மூளை கொழுப்பு மிகுந்த உறுப்பு. ஆதலின் இச்சிதைவுக்கு எளிதில் ஆளாகக்கூடியது. உடலில் வைட்டமின் 'சி' செறிந்து காணப்படும் உறுப்புகளுள் மூளையும் ஒன்று என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

முதுமையில் நினைவு அழியும் நோயை அதற்கு முன்பே மருத்துவர்கள் வரையறுத்திருந்தனர். ஜெர்மன் மருத்துவர் அலாய்ஸ் அல்ஸைமர் 1906ஆம் ஆண்டில், நினைவும் மொழியும் குலைந்து இறந்த ஒரு பெண்மணியின் மூளையில் தாம் கண்ட மாறுதல்களை அறிவித்தார். இன்று அந்நோய் அவர் பெயராலேயே வழங்குகிறது. இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தோருள் நூற்றுக்கு ஏழுபேருக்கு மேல், அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் முதியோர், இதுபோன்ற மறதி நோய்களால் வருந்துகின்றனர் என்று 2023ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. பெற்ற மகனை யாரென்று கேட்கும் தாயும், தன் தெருவிலேயே வழி தவறும் தந்தையும் நம் ஊர்களில் இருக்கின்றனர். ஆகவே, கனி மூளையைக் காக்குமா என்னும் வினா வெறும் ஏட்டு வினா அன்று.

அவ்வினாவுக்குப் புதிய வேகம் தந்தது 1999ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நடந்த ஆய்வு. டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த முதுமை ஊட்ட ஆராய்ச்சி நிலையத்தில் ஜேம்ஸ் ஜோசப் என்பவரும் அவருடைய துணைவர்களும் பத்தொன்பது மாத வயதுடைய கிழ எலிகளுக்கு எட்டு வாரம் சாரங்களை உணவோடு கலந்து கொடுத்தனர். ஒரு கூட்டத்திற்கு நீலப் பெர்ரி, ஒன்றிற்கு ஸ்ட்ராபெர்ரி, ஒன்றிற்குப் பசலைக்கீரை. ஒப்பிடுதற்பொருட்டு மற்றொரு கூட்டத்திற்கு வழக்கமான உணவு. சாரங்களை உண்ட எலிகள் நினைவுத் தேர்வில் மேம்பட்டன. மெல்லிய கழியின்மேல் நடப்பது போன்ற உடல் தேர்ச்சியில் நீலப் பெர்ரி உண்டவை முன்னின்றன. அக்கனிக்கு நீல நிறம் தரும் ஆந்தோசயனின் என்னும் பொருள் எலியின் மூளைக்குள் சென்று சேர்வதும் 2005ஆம் ஆண்டில் காட்டப்பட்டது.

பெர்ரி என்ற சொல் உங்களைக் குழப்புதல் கூடாது. பேச்சு வழக்கில் சிறிய, சாறுள்ள கனிகளையெல்லாம் அவ்வாறு கூறுகின்றனர். தாவரவியலார் கணக்குப்படி ஸ்ட்ராபெர்ரி பெர்ரியே அன்று; தக்காளியும் கத்தரிக்காயும் பெர்ரிகள்! நம் நாட்டு நாவற்பழம் நாவை ஊதா நிறமாக்குகிறதே, அந்நிறமும் ஆந்தோசயனின் வகையைச் சேர்ந்ததுதான். நெல்லியின் சிறப்பு அந்நிறப்பொருளில் இல்லை. டானின்கள், காலிக் அமிலம், எலாஜிக் அமிலம் முதலியவற்றில் உள்ளது.

நெல்லியையும் சோதித்தனர். முன்னர்ப் பஞ்சத்தில் நெல்லியால் பயன்பெற்ற அதே ஹிஸார் நகரிலுள்ள குரு ஜம்பேசுவரர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நெல்லிச் சூரணத்தை இளைய சுண்டெலிகளுக்கும் முதிய சுண்டெலிகளுக்கும் பதினைந்து நாள் கொடுத்துப் பார்த்தனர். அவற்றின் நினைவாற்றல் மேம்பட்டது என்றும், மருந்து கொடுத்து உண்டாக்கிய மறதியும் குறைந்தது என்றும் 2007ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்டனர்.

இம்முடிவுகளைக் கேட்டவுடன், தகடூர்க் கதை மெய்யாயிற்று என்று ஆரவாரிக்கத் தோன்றும். சற்றுப் பொறுங்கள். எலி மனிதன் அன்று. பதினைந்து நாளும் எட்டு வாரமும் எழுபது ஆண்டு வாழ்க்கைக்கு ஈடாகா. சோதனைக் குழாயில் ஒரு சாரம் செய்வதை உடலிலும் செய்யும் என்பது உறுதியன்று. நெல்லியின் டானின் வயிற்றுக்குள் சென்றதும் குடலில் வாழும் நுண்ணுயிர்கள் அதனைச் சிதைத்து வேறு பொருள்களாக மாற்றுகின்றன. அந்நுண்ணுயிர்கள் ஆளுக்கு ஆள் வேறுபடுகின்றன. ஒருவர் உண்ட கனி தரும் பயன் இன்னொருவர் உண்டதற்குக் கிடைக்காமற் போகலாம்.

மனிதரிடையே கண்டது என்ன? அமெரிக்காவில் செவிலியர் பலருடைய உடல்நலத்தை 1976ஆம் ஆண்டு முதலும், உணவை அதற்குப் பின்னரும் தொடர்ந்து குறித்து வந்தனர். அவர்களுள் எழுபது வயதைக் கடந்த 16,010 பெண்மணிகளின் நினைவாற்றலை ஆராய்ந்த கட்டுரை 2012ஆம் ஆண்டில் வெளிவந்தது. நீலப் பெர்ரியும் ஸ்ட்ராபெர்ரியும் மிகுதியாக உண்டவர்களிடம் நினைவு குறையும் வேகம் தணிந்திருந்தது. இரண்டரை ஆண்டு வரை முதுமை தள்ளிப்போனதற்கு அது ஒப்பாகும் என்று கணக்கிட்டனர். ஆயினும் கனி வாங்கி உண்ணும் வசதியுடையோர் நல்ல மருத்துவமும் கல்வியும் பெற்றவராகவும் இருப்பர். பயன் கனியால் வந்ததா, வசதியால் வந்ததா என்று இவ்வகை ஆய்வால் முற்றும் பிரித்துரைக்க இயலாது.

லிண்ட் காட்டிய ஒப்பீட்டு முறையே இதற்குத் தீர்ப்பு வழங்கவேண்டும். அம்முறையில் நடந்த பெரிய சோதனைகள் நமக்கு அடக்கத்தைக் கற்பிக்கின்றன. ஜிங்கோ என்னும் மரத்து இலையின் சாரம் நினைவைக் காக்கும் என்று உலகெங்கும் விற்றனர். மூவாயிரத்துக்கு மேற்பட்ட முதியோரைக் கொண்டு நடந்த சோதனையின் முடிவு 2008ஆம் ஆண்டில் வெளிவந்தபோது, மறதி நோயை அது தடுக்கவில்லை என்பது தெரிந்தது. கீரையும் பெர்ரியும் பருப்பும் மிகுந்த உணவு முறையொன்றை 604 பேரிடம் மூன்றாண்டு சோதித்து 2023ஆம் ஆண்டில் முடிவு கூறினர். இரு பிரிவினரும் சிறிது முன்னேறினர். இரண்டிற்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மூன்றாண்டு போதாது என்று சிலர் கருதுகின்றனர். அவர்கள் கருத்தும் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆகவே, நெல்லி உடலுக்கு நல்ல உணவு என்பது உறுதி. மூளையைக் காக்கும் என்பது ஆராயத்தக்க நம்பிக்கை. மறதி நோயைத் தடுக்கும் மருந்து என்பது இன்னும் மெய்ப்பிக்கப்படாத கூற்று. இம்மூன்றையும் ஒன்றாகக் குழப்பிப் புட்டியில் அடைத்து விற்போரிடம் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். கனியாக உண்பது வேறு; செறிவாக்கிய சாரத்தை நாள்தோறும் விழுங்குவது வேறு. சர்க்கரை நோய்க்கோ, இரத்தம் உறையாதிருப்பதற்கோ மருந்து உண்ணும் முதியோர் மருத்துவரைக் கேளாமல் அத்தகைய சாரங்களை உட்கொள்ளுதல் தகாது.

அப்படியாயின் மூளையைக் காக்க வழியே இல்லையா? உண்டு. லான்செட் என்னும் மருத்துவ இதழ் அமைத்த அறிஞர் குழு 2024ஆம் ஆண்டில் தன் அறிக்கையை வெளியிட்டது. நம்மால் மாற்றக்கூடிய பதினான்கு காரணங்களை அது வரிசைப்படுத்தியது. அவற்றையெல்லாம் நீக்க முடியுமானால் உலகில் மறதி நோயுறுவோருள் ஏறத்தாழ 45 விழுக்காட்டினர்க்கு அதனைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்று மதிப்பிட்டது. மிகுந்த இரத்த அழுத்தம், சர்க்கரை நோய், புகை பிடித்தல், மிகுந்த குடி, உடலுழைப்பின்மை, கேட்காத காது, மங்கிய கண், தலையில் அடிபடுதல், மாசுற்ற காற்று, தனிமை முதலியன அவ்வரிசையில் உள்ளன. வாழ்க்கையின் தொடக்கத்திலேயே வந்து சேரும் காரணமாக அக்குழு குறித்தது எது தெரியுமா? இளமையில் போதிய கல்வி பெறாமை.

மாணவர்களே, இச்செய்தி உங்களுக்கே உரியது. இளமையில் கற்பது பின்னாளில் நல்ல தொழிலைத் தரும் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது மூளைக்குள் ஒரு சேமிப்பையும் உண்டாக்குகிறது. முதுமையில் தேய்வு நேரும்போது அச்சேமிப்பிலிருந்து செலவிட்டு மூளை நெடுநாள் தாக்குப்பிடிக்கிறது என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழகத்து மாவட்டங்களுள் எழுத்தறிவில் கடைசி இடத்தில் இருந்தது தருமபுரி. நூற்றுக்கு 68 அல்லது 69 பேரே அப்போது எழுத்தறிந்திருந்தனர். காரிமங்கலத்தைச் சூழ்ந்த சிற்றூர்களில் இளமையில் பள்ளிக்கு அனுப்பப்படாத பெண்மக்கள் பலர் இன்று பாட்டிமாராக இருக்கின்றனர். அன்று அவர்களுக்கு மறுக்கப்பட்டது எழுத்து மட்டுமன்று. முதுமைக்கு வேண்டிய காவலும் அதனுடன் சேர்ந்தே மறுக்கப்பட்டது. நெல்லி மரம் நிறைந்த நாட்டில் வாழ்ந்தும் அவர்கள் அக்காவலை இழந்தனர்.

இந்நோக்கோடு அதியமானின் கொடையை மீண்டும் பாருங்கள். அவன் அரசன், பகைவர் பலர் சூழ வாழ்ந்தவன். நெடுநாள் வாழவேண்டும் என்னும் ஆசைக்கு அவனிடம் காரணம் இருந்தது. எனினும் கனியைத் தன் படைத்தலைவனுக்கோ மைந்தனுக்கோ கொடாமல், கற்றறிந்த ஒரு பெண்பாற் புலவர்க்குக் கொடுத்தான். காக்கத்தக்கது எது என்று அவன் முடிவு செய்த விதம் நமக்குத் தெளிவாகத் தெரிகிறது. அந்தத் தேர்வுக்குப் பயனும் கிடைத்தது. பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை முற்றுகையிட்டு வென்றான், அதியமானும் மாண்டான். அவன் மறைவுக்கு இரங்கி ஔவையார் பாடிய பாட்டும் புறநானூற்றில் இருக்கிறது. கோட்டை அழிந்தது. அவ்வம்மையார் காத்து வைத்த நினைவோ ஈராயிரம் ஆண்டாக அழியவில்லை.

கனியின் வேதியியலை இனிவரும் ஆய்வாளர்கள் முடிவு செய்வர். அவர்களுள் தகடூர் நாட்டு மாணவரும் மாணவியரும் இருப்பார்களாயின் நன்று. அதுவரை நீங்கள் செய்யத்தக்கவை சில உள. நெல்லி கிடைக்கும் பருவத்தில் நெல்லியை உணவாக உண்ணுங்கள். மறதியுற்ற முதியோரைக் கண்டால் நகையாடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். காது கேளாத தாத்தாவைத் தனியே விட்டுவிடாது அவருடன் அமர்ந்து பேசுங்கள். உங்கள் தெருவில் பள்ளியை விட்டு நின்றுவிட்ட சிறுமி ஒருத்தி இருப்பாளாயின், அவளை மீண்டும் வகுப்பறைக்குக் கொண்டுவர முயலுங்கள். அவள் பாட்டியாகும் நாளில் தன் பேரக்குழந்தைகளின் பெயர்களை மறவாதிருப்பதற்கு அது துணைநிற்கக்கூடும்.